ஒன்றரை அடிப் பனியும் ஒரு வாளிப் பாலும்

கோலகங்சாரில் மாவட்ட நில அலுவலகத்தை ஒட்டி ஒரு பால்மரம் நிற்கிறது. மலேசியாவின் மிகப் பழைய ரப்பர் மரங்களுள் ஒன்று என்று அதைப் பாதுகாத்து வருகிறார்கள். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முளைத்தவற்றில் 22 கன்றுகள் அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாருக்கு வந்து, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் வளாகத்தில் மண்ணில் இறங்கின. இப்போது நிற்கும் மரம் அந்த ஒன்பதில் ஒன்று என்கிறார்கள்.

ஊர் வரலாறு பேசுகிறவர்கள் இந்த மரத்திலிருந்து நேராகத் தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். கங்காணி, கப்பல், லயம், பெரட்டு என்று அந்தக் கதை நமக்குப் பழக்கமானது. இதே மரத்திலிருந்து வேறு ஒரு திசையிலும் கோடு இழுக்கலாம். வடக்கே, வடதுருவம் வரைக்கும்.

1908இல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரை விற்கத் தொடங்கியது. 1927க்குள் ஒன்றரைக் கோடி கார்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு டயர், தேய்ந்தால் இன்னும் நான்கு. 1920களில் உலக ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து போனது. அதிகம் வாங்கியது அமெரிக்கா. வாங்கியதில் பெரும்பகுதி டயரானது. கார்கள் எரித்த எண்ணெய் கரியமில வாயுவாக மேலே போனது. போன வாயுவில் ஒரு பகுதி இன்னும் அங்கேயே இருக்கிறது. அது பூமியைச் சூடாக்கியது. அந்தச் சூடும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறவில்லை. 1979க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது. அங்கே கடல்மேல் மிதக்கும் பனி ஆண்டுக்காண்டு சுருங்குகிறது.

இப்போது ஒரு கேள்வி. சுங்கை சிப்புட்டிலோ பத்து காஜாவிலோ ஒரு தோட்டத்தில், விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டிய ஒரு பாட்டிக்கு, அந்தப் பனி உருகியதில் பங்கு உண்டா? கேட்டால் பாட்டி சிரிப்பார். “ஏன்டா, நான் பனியவே பாத்ததில்ல, நான் எங்கடா உருக்குனேன்?” என்பார். சரிதான். அடுத்த கேள்வி: அந்தப் பாட்டியின் பேரன் இன்று கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான். சொந்தக் கார் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஈப்போவுக்கு ஓட்டிக்கொண்டு வருகிறான். அவனுக்கு? இந்தக் கேள்விக்கு அவ்வளவு எளிதாகச் சிரிக்க முடியவில்லை.

பனி உருகினால் இங்கே என்ன?

ஆர்க்டிக் பனி உருகினால் கடல் ஏறி பாகான் டத்தோ மூழ்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கடற்பனியைப் பொறுத்தவரை அது சரியில்லை. அது ஏற்கெனவே கடலில்தான் மிதக்கிறது. ஈப்போ காப்பிக் கடையில் கிளாஸ் விளிம்பு வரை ஐஸ் காப்பி ஊற்றி வைத்தால், ஐஸ் கரைவதால் காப்பி மேசையில் வழிவதில்லை. கடலை உயர்த்துவது கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் நிலத்தின்மேல் கிடக்கும் பனியும், சூட்டில் விரியும் கடல்நீரும்.

கடற்பனியின் வேலை வேறு. அது பூமியின் வெள்ளைக் கூரை. மதிய நேரத்தில் தார்ச் சாலையில் வெறுங்காலோடு நடந்தவனுக்கு, வெள்ளைக் கோட்டின்மேல் கால் வைத்தால் கிடைக்கும் நிம்மதி தெரியும். புதுப் பனித்தூவி மூடிய கடற்பனி, மேலே விழும் வெயிலில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பனி விலகிய கருநீலக் கடல் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் திருப்புகிறது. மிச்சத்தை விழுங்கிச் சூடாகிறது. சூடான கடல் இன்னும் பனியை உருக்குகிறது. 1980களில், கோடை முடியும் செப்டம்பர் மாதத்தில் மிஞ்சிய ஆர்க்டிக் பனியின் பரப்பு சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012 செப்டம்பரில் அது சுமார் 34 லட்சத்துக்கு இறங்கியது. வித்தியாசம் பத்து மலேசியாவுக்கு மேல். அதற்குப் பிறகு அவ்வளவு கீழே இறங்கவில்லை. ஆனால் பழைய நிலைக்குத் திரும்பவும் இல்லை.

இதனால் மற்ற ஊர்களின் வானிலைக்கு என்ன ஆகும்? உறுதியாகத் தெரிந்தது ஒன்று: வெள்ளைக் கூரை போனால் மொத்த வீடும் சூடாகும். ஒரு பாகை சூடு கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும் மழை கனமாகப் பெய்ய வாய்ப்புண்டு. இதில் அறிவியலாளர்களுக்குள் பெரிய சண்டை இல்லை.

சண்டை அடுத்த படியில் இருக்கிறது. வடதுருவத்துக்கும் நடுப்பகுதிக்கும் இடையே உள்ள வெப்ப வித்தியாசம்தான் உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டத்துக்கு வேகம் தருகிறது. துருவம் சூடானால் வித்தியாசம் குறையும். வேகம் குறைந்த ஆறு வளைந்து வளைந்து ஓடுவதுபோல அந்தக் காற்றும் வளையும், மழையோ வெயிலோ குளிரோ ஒரே இடத்தில் நாள்கணக்கில் தங்கிவிடும் என்று 2012இல் ஜெனிபர் பிரான்சிஸும் ஸ்டீபன் வாவ்ரஸும் எழுதினார்கள். ஆதரித்தும் மறுத்தும் அதன் பிறகு நிறைய ஆய்வுகள் வந்தன. ரஷ்யாவின் வடக்கே பாரன்ட்ஸ், காரா கடல்களில் பனி குறைந்தால் சைபீரியாவின்மேல் குளிர்ந்த காற்று திரண்டு கனக்கிறது என்கிறது ஒரு தரப்பு. அது தற்செயலாக ஒரே காலத்தில் நடப்பது, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமில்லை என்கிறது இன்னொரு தரப்பு. கோவாவில் இருக்கும் இந்தியாவின் தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் 2021இல், காரா கடலின் கோடைப் பனிக் குறைவுக்கும் மத்திய இந்தியாவில் பருவமழையின் கடைசிக் கட்டத்தில் பெய்யும் பெருமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார்கள். இருக்கலாம் என்பதுதான் அவர்கள் சொன்னது.

சைபீரியா நமக்கு அந்நியமில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின் ஊற்று அங்கே இருக்கிறது. குளிர்ந்த கனத்த காற்று திடீரென்று தெற்கே பாய்ந்து, தென்சீனக் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கிளந்தானிலும் திரெங்கானுவிலும் கொட்டுகிறது. நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் நிற்பதால் பேராக்குக்கு அதில் குறைவாகத்தான் வரும். ஈப்போவின் கனமழை பெரும்பாலும் இரு பருவங்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் பிற்பகலில் இறங்கும் இடிமழை. போதாததற்கு, நம் வானிலையை ஆட்டிப் படைப்பதில் பசிபிக்கின் எல் நினோவுக்கும் லா நினாவுக்கும் இருக்கும் கை ஆர்க்டிக்குக்கு இல்லை. ஆகவே நேற்று சாயங்காலம் தாமானில் ஏறிய தண்ணீரைக் காட்டி, “பாத்தியா, வடதுருவம் உருகிருச்சு” என்று சொல்ல முடியாது.

இரண்டு கதவுகள்

இந்த நிச்சயமின்மையில் தப்பித்து ஓட இரண்டு கதவுகள் இருக்கின்றன. முதல் கதவில், “நிரூபிக்கவில்லை, அதனால் நமக்குச் சம்பந்தமில்லை” என்று எழுதியிருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த கதவு. இரண்டாவது கதவு கொஞ்சம் அழகானது. “எல்லாமே பருவநிலை மாற்றம்” என்று எழுதியிருக்கும். இதன் வழியாகத் தப்பிப்பவர்கள் அக்கறை உள்ளவர்களைப்போலவே தெரிவார்கள்.

1926 டிசம்பரில் மலாயாவில் பெருவெள்ளம் வந்தது. பேராக் ஆறும் கரை மீறியது. அப்போது வடக்கே பனி இப்படிக் குறைந்திருக்கவில்லை. 2014 டிசம்பர் வெள்ளத்தில் தீபகற்பத்தில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். பேராக்கும் அதில் தப்பவில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா வட்டாரம் கூரை வரை மூழ்கியது. அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெய்யும் மழை என்று அப்போது சொன்னார்கள். மழை உண்மையிலேயே பெரியதுதான். ஒரு மாத மழை ஒரு நாளில் பெய்தது. ஆனால் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால், தாழ்ந்த நிலத்தில் வீடு கட்ட அனுமதித்தவர் யார், எச்சரிக்கை ஏன் வரவில்லை, படகு ஏன் இரண்டு நாள் கழித்து வந்தது என்ற கேள்விகள் மழைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கின்றன. மலையைச் சீவியவர்களுக்கும் வடிகாலை மூடியவர்களுக்கும் வடதுருவம் நல்ல மறைவிடம். அது தூரத்தில் இருக்கிறது. வழக்குக்கு வராது.

முதல் கதவு தூரத்தைக் காட்டி நம்மை விடுவிக்கிறது. இரண்டாவது பக்கத்தில் இருப்பவர்களை விடுவிக்கிறது. நேர்மையான பதில் இரண்டுக்கும் நடுவில், சற்று அசௌகரியமான இடத்தில் இருக்கிறது: ஒரு வெள்ளத்தில் பல கைகள் உண்டு. சில கைகள் அடுத்த தெருவில் இருக்கின்றன, சில கைகள் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி. ஒரு கையைப் பிடித்துவிட்டதால் இன்னொன்றை விட்டுவிடலாம் என்று ஆகாது.

பால் நிறுக்கும் இடம்

பல கைகள் என்று சொன்னவுடன் அடுத்த சமாதானம் தயாராக வரும். “இத்தன கோடிப் பேர்ல என் ஒருத்தன் கார்னால என்ன ஆயிடப் போகுது?”

இந்தச் சமாதானத்தை டெரெக் பார்ஃபிட் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1984இல் வந்த தன் நூலில் ஒரு கற்பனைக் கதையால் பிரித்துப் பார்த்தார். ஆயிரம் கைதிகள், ஆயிரம் சித்திரவதைக்காரர்கள். பழைய நாளில் ஒவ்வொருவரும் ஒரு கைதிக்கு ஆயிரம் தடவை மின்விசையைத் திருகுவார்கள். ஒரு திருகலில் வலி தெரியாது, ஆயிரத்தில் உயிர் போகும் வலி. பிறகு முறையை மாற்றினார்கள். இப்போது ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். ஆயிரம் கைதிகளின் விசையும் ஒவ்வொரு திருகல் நகரும். ஆயிரம் பேரும் அழுத்தி முடித்தால் கைதிகளுக்கு முன்போலவே அதே வலி. ஆனால் இப்போது எந்தச் சித்திரவதைக்காரனும், “நான் யாருடைய வலியையும் தெரியும்படி கூட்டவில்லை” என்று சொல்லலாம். சொல்வது உண்மை. அதனால் அவன் நல்லவன் ஆகிவிட்டானா? தனித்தனியாகப் பார்த்தால் யாரும் எதுவும் செய்யவில்லை, சேர்த்துப் பார்த்தால் கொடுமை நடந்திருக்கிறது என்றால், தனித்தனியாகப் பார்க்கும் முறையில்தான் கோளாறு என்கிறார் பார்ஃபிட்.

நல்ல கதை. ஆனால் இதைப் புரிந்துகொள்ள நமக்கு இங்கிலாந்து வரை போகத் தேவையில்லை. தோட்டத்தில் பால் ஸ்டோர் என்று ஒரு இடம் இருந்தது. நிரைகளில் மங்கு மங்காக எடுத்த பாலை வாளிகளில் தூக்கிக்கொண்டு எல்லாரும் அங்கே வந்து சேர்வார்கள். பெரிய தொட்டியில் ஊற்றிவிட்டால் அது யாருடைய பால் என்று கடவுளாலும் சொல்ல முடியாது. அதனால்தான் கிராணி ஊற்றுவதற்கு முன்னாலேயே நிறுத்துவிடுவார். மெட்ரோலாக் என்ற கருவியை வாளிக்குள் விட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்றும் பார்த்துவிடுவார். “மரத்துல மழத்தண்ணி வழிஞ்சிருச்சு தொர” என்று சொல்லிப் பார்க்கலாம். கணக்கு கணக்குதான். அந்தத் தொட்டியில் ஒருவருடைய வாளி ஒன்றுமே இல்லை. ஆனால் துரை ஒருநாளும், “இவ்வளவு பெரிய தொட்டியில் உன் ஒரு வாளி என்ன பெரிசு” என்று விட்டதில்லை. கலந்த பொருளில் பங்கு கரைந்துபோவதில்லை என்பது தோட்ட முதலாளிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஏழையின் வாளி விஷயத்தில் தெரிந்திருந்தது.

வானத்துக்கு மட்டும் அப்படி ஒரு பால் ஸ்டோர் இல்லாமல் இருந்தது. 2016இல் டிர்க் நோட்ஸ், ஜூலியன் ஸ்ட்ரோவ் என்ற இரு ஆய்வாளர்கள் ஏறத்தாழ அதைக் கட்டித் தந்தார்கள். பல பத்தாண்டுகளின் பனி அளவையும் புகை அளவையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே நேர்கோட்டில் போவது தெரிந்தது. ஒரு டன் கரியமில வாயு வெளியேறினால் செப்டம்பர் மாத ஆர்க்டிக் பனியில் சுமார் 3 சதுர மீட்டர் குறைகிறது. சயின்ஸ் இதழில் வந்த இந்தக் கணக்கில் காற்றோட்டம் பற்றிய சர்ச்சை எதுவும் இல்லை. அந்தப் பனி போனபின் உலகின் மழை எப்படி மாறும் என்பது சர்ச்சையாக இருக்கலாம். பனி யாரால் போகிறது என்பது வாளிக் கணக்கு.

பேரனின் வாளியை நிறுத்துப் பார்க்கலாம். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ சுமார் 200 கிலோமீட்டர். போக வர 400. சிறிய கார் ஒன்று 28 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 64 கிலோ கரியமில வாயு. பனிக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. ஒரு சின்ன நாளிதழை விரித்து வைத்த பரப்பு. தீபாவளிக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நகராமல் நிற்கும் கார்களின் வரிசையைப் பார்க்கும்போது, ஒவ்வொரு காரின் பின்னாலும் ஒரு நாளிதழ் அளவு பனி போவதாக நினைத்துப் பார்க்கலாம். மலேசியரின் ஆண்டுச் சராசரி சுமார் 8 டன். அதாவது 24 சதுர மீட்டர், நாலுக்கு ஆறு மீட்டரில் ஒரு அறை. இந்தியரின் சராசரி சுமார் 2 டன். நம்மை ஆண்ட பிரிட்டனில் இன்று ஒருவருக்குச் சுமார் 5 டன். தொழிற்சாலைகள் மூடியும் நிலக்கரியை விட்டும் அவர்கள் இறங்கிவிட்டார்கள், நாம் ஏறிவிட்டோம். அவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக ஊற்றிய வாளிகள் தொட்டிக்குள் இன்னும் இருக்கின்றன என்பது வேறு கணக்கு. அதையும் மறக்கக் கூடாது.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு

இந்த இடத்தில் ஒரு கோபம் வர வேண்டும். வராவிட்டால்தான் ஆச்சரியம்.

சராசரி என்பது யாருடைய தலையிலும் சரியாக உட்காராத தொப்பி. 8 டன்னில் மின்நிலையமும் சிமெண்டு ஆலையும் எண்ணெய்க் கிணறும் இருக்கின்றன. மூன்று கார் வைத்திருப்பவரும் இருக்கிறார். தோட்டம் விற்கப்பட்டு, லயத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, மலிவு விலை அடுக்குமாடியில் நான்காம் மாடிக்கு வந்து சேர்ந்த குடும்பமும் இருக்கிறது. அந்தக் குடும்பத்திடம் போய், “உங்கள் மோட்டார் சைக்கிள் பனியை உருக்குகிறது” என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். அல்லது வெட்கமில்லாமல் இருக்க வேண்டும். பஸ் வராத ஊரில் மோட்டார் இல்லாமல் வேலைக்கு எப்படிப் போவது? தோட்டத்திலிருந்து வெளியே வந்த தலைமுறைக்கு முதல் மோட்டாரும் முதல் புரோட்டோன் சாகாவும் ஆடம்பரமில்லை. துரையின் எல்லையைத் தாண்டி, யாரிடமும் கேட்காமல், நினைத்த இடத்துக்குப் போக முடிந்த முதல் நாள் அது. அந்த நாளைக் குற்றப் பத்திரிகையில் சேர்ப்பது அநியாயம்.

அமெரிக்கச் சிந்தனையாளர் ஐரிஸ் மரியன் யங் செய்த ஒரு பிரிவினை இங்கே உதவுகிறது. அவர் 2006இல் இறந்தார். பொறுப்பு பற்றிய அவருடைய நூல் 2011இல் வந்தது. குற்றம் சாட்டுவது பின்னோக்கிப் பார்க்கும் வேலை என்கிறார். யார் செய்தது என்று தேடி, ஒருவரைத் தனியே பிரித்து நிறுத்தும். ஒருவரைப் பிடித்தவுடன் மற்றவர்கள் விடுதலை. பொறுப்பு முன்னோக்கிப் பார்க்கிறது. ஓர் அமைப்பு அநியாயத்தை உற்பத்தி செய்கிறது என்றால், அதற்குள் இயங்குகிற எல்லாருக்கும் அதை மாற்றும் வேலையில் பங்கு உண்டு. சமமான பங்கு இல்லை. அதிகாரம் உள்ளவனுக்கு அதிகம், அமைப்பால் லாபம் அடைந்தவனுக்கு அதிகம். அந்தப் பங்கைத் தனியாளாக இறக்கி வைக்கவும் முடியாது. மற்றவர்களோடு சேர்ந்துதான் முடியும். அநியாயத்தால் பாதிக்கப்படுகிறவருக்கும் கூட அதில் பங்கு உண்டு என்கிறார் யங். கேட்க முதலில் கடுமையாகத் தோன்றும். ஆனால் தொழிற்சங்கம் கட்டிய தோட்டத் தொழிலாளிக்கு இது புதிய செய்தியில்லை. கூலி குறைந்ததற்கு அவர் குற்றவாளி இல்லை. கூலியை உயர்த்தும் வேலை அவருடையதாகவும் இருந்தது.

இப்படிப் பார்த்தால் பாட்டிக்கான பதில் கிடைத்துவிடுகிறது. டயருக்குப் பால் தந்ததால் அவர் குற்றவாளி இல்லை. அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் வேறு வழியில்லை, லாபமும் அவருக்கு வரவில்லை. பேரனுக்கும் குற்றம் இல்லை. ஆனால் பேரனுக்குத் தெரியும், வழி கொஞ்சம் இருக்கிறது, லாபமும் ஓரளவு வந்திருக்கிறது. இந்த மூன்றும் கூடக் கூடப் பொறுப்பு கூடுகிறது. 2010இலிருந்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே மின்ரயில் ஓடுகிறது. ரயில் நிலையத்திலிருந்து பழைய தோட்டத்துத் தாமானுக்குப் போக மட்டும் பல இடங்களில் சரியான பஸ் இல்லை. பேரனின் பொறுப்பு காரை நினைத்துக் கண்ணீர் விடுவதில் இல்லை. அந்தப் பஸ்ஸைக் கேட்பதில் இருக்கிறது. கேட்க முடியாத அம்மாக்களுக்கும் சேர்த்துக் கேட்பதில் இருக்கிறது.

தூரத்தில் இருந்தவர்கள்

தூரம் என்றால் என்ன என்று தோட்டத்து மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1929இல் நியூயார்க்கில் பங்குச் சந்தை விழுந்தது. கார் விற்பனை படுத்தது, ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. பேராக்கில் ஆள் குறைத்தார்கள். ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களை யாரும் நேரில் அடிக்கவில்லை. லண்டன் இயக்குநர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த கனவான்களில் யாருக்கும் அவர்களுடைய பெயர் தெரியாது. தனித்தனியாகப் பார்த்தால் அவர்கள் நல்லவர்களாகக்கூட இருந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போயிருப்பார்கள், வீட்டு நாயைத் தடவிக் கொடுத்திருப்பார்கள். “உலகச் சந்தை, நாம் என்ன செய்வது” என்று சொல்லியிருப்பார்கள். தொலைவில் நடப்பது இங்கே வானிலையை மாற்றுவதை வானிலை அறிஞர்கள் டெலிகனெக்‌ஷன் என்கிறார்கள். தோட்டம் நூறு வருஷம் அதற்குள்தான் வாழ்ந்தது.

அந்தக் கனவான்களை நாம் மன்னிக்கத் தயாரில்லை. “தூரத்தில் இருந்தோம், தெரியவில்லை, எங்கள் பங்கு சிறியது” என்று அவர்கள் சொன்னால் நம் எழுத்தாளர்கள் விட மாட்டார்கள். மலேசியத் தமிழ் இலக்கியத்தின் பாதி அந்தப் பதிலை ஏற்க மறுத்ததில் பிறந்தது. இப்போது அதே மூன்று சொற்களை நாம் வடக்கே பார்த்துச் சொல்கிறோம். தூரம், தெரியாது, சிறிய பங்கு.

அங்கே யார் இருக்கிறார்கள்? 2005 டிசம்பரில் ஷீலா வாட்-க்ளூட்டியே என்ற இனுயிட் பெண் தலைவரும் கனடா, அலாஸ்காவைச் சேர்ந்த இன்னும் 62 இனுயிட்டுகளும் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்திடம் ஒரு மனு கொடுத்தார்கள். பனி மெலிந்துவிட்டது, வேட்டைக்குப் போகிறவர்கள் பனி உடைந்து விழுகிறார்கள், முன்னோர் சொல்லித் தந்த வானிலைக் குறிகள் பொய்க்கின்றன, இது எங்கள் உரிமை மீறல் என்றார்கள். ஆணையம் அதை வழக்காக எடுத்துக்கொள்ளவில்லை. வாட்-க்ளூட்டியே பிறகு எழுதிய நூலின் தலைப்பைத் தமிழில் ‘குளிராக இருக்கும் உரிமை’ என்று சொல்லலாம். ஈப்போ வெயிலில் உட்கார்ந்து படிக்கும்போது விசித்திரமாக இருக்கும். ஆனால் பால் வெட்டுகிறவருக்கு இது புரியும். காலையில் மரம் காய்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதல். பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்துவிடும், மழை பெய்தால் மங்கில் தண்ணீர் நிரம்பும், அன்று நாள்கூலி இல்லை. குளிர் இல்லாத துருவமும் காய்ந்த காலை இல்லாத நிரையும் ஒரே வகை இழப்பு. அடுப்பு எரிவது வானத்தின் ஒழுங்கை நம்பி.

மலேசியா ஒருமுறை துருவத்தைப் பற்றி உலகத்திடம் உரக்கப் பேசியிருக்கிறது. 1982இல் ஐ.நா. பொதுச்சபையில் மகாதீர், அண்டார்டிகா சில பணக்கார நாடுகளின் சொத்தில்லை, எல்லாருக்கும் பொது என்று வாதிட்டார். அடுத்தடுத்த ஆண்டுகளில் மலேசியா அந்தக் கேள்வியை ஐ.நா.வில் விடாமல் எழுப்பியது. கடைசியில் 2011இல், எதிர்த்து வந்த அதே அண்டார்டிகா ஒப்பந்தத்தில் தானும் சேர்ந்தது. காலனி ஆதிக்கத்திலிருந்து வந்த ஒரு நாடு, வரைபடத்தின் அடியில் கிடக்கும் பனிக் கண்டத்தைக் காட்டி, “அதில் எனக்கும் பங்கு உண்டு” என்று சொன்னது சாதாரண விஷயமில்லை. நியாயமான வாதம்தான். ஆனால் பொதுச்சொத்தில் பங்கு கேட்கிறவன் அது கெடும்போதும் பங்காளி. பயனில் மட்டும் பொது, பராமரிப்பில் பிறத்தியார் என்று சொல்ல முடியாது. தாமான் பொதுமண்டபத்துக்கே அது பொருந்தாது, துருவத்துக்கு எப்படிப் பொருந்தும்?

உலக மொத்தப் புகையில் மலேசியாவின் பங்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்பார்கள். உண்மை. அப்படி 1 விழுக்காட்டுக்கும் குறைவான நாடுகள்தான் உலகில் பெரும்பாலானவை. எல்லாருடைய சிறிய பங்கையும் கூட்டினால் அது சிறியது இல்லை. பால் ஸ்டோரில் இதைத்தான் தினமும் எழுதி வைத்தார்கள்.

ஆகவே தாமானில் அடுத்த முறை தண்ணீர் ஏறும்போது கேட்க வேண்டியவை பல. மேலே மலையை வெட்டியது யார், வடிகால் ஏன் தூர்ந்தது, நகராட்சி எங்கே என்று முதலில் கேட்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. அதோடு நிறுத்திவிடாமல், நாம் ஊற்றிய வாளிகளையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். வடக்கே பனி மெலிந்து வேட்டைக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு நம் பெயர் தெரியாது. நூறு வருஷத்துக்கு முன்னால் நம் பாட்டிகளுக்கு லண்டனில் இருந்த ஒருவருடைய பெயரும் தெரியாது. அந்த இடத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.